பையன் தலையில் வைத்த சத்தியம்

கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, சாமி சாட்சியாக "இனி அடிக்க மாட்டேன்" என்று ஒருவன் சொன்னால், அதை நம்பி அவன் மனைவியை அவனோடு அனுப்பலாமா? ஆறு வருடம் இந்த வேலை பார்த்த பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

போன வாரம், நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போனில் இதைத்தான் கேட்டாள். "அக்கா, கோயில்ல பேசி முடிச்சுக்கறோம்னு பெரியவங்க நாலு பேரு வந்து உக்காந்திருக்காங்க. விடலாமாக்கா?" மகளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னதும் பாதிப் பதில்தான். மீதியை எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. அனுபவம் எழுதுகிற வயதில்லை. ஆனாலும் வேலையை விட்டுவிட்டவள் என்பதால் மாமனார் என்னை "ரிட்டயர்டு ஆபீசரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். சிரிப்பேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வலிக்கும். சேலத்தில் சமூகப்பணி படித்தேன். ஒரு வருடம் களப்பயிற்சி என்று ஊர் ஊராகப் படிவம் நிரப்பினேன். பிறகு நாமக்கல்லில் பெண்களுக்கான ஓர் உதவி மையத்தில் ஆற்றுப்படுத்துநர். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலையைக் கற்றது மையத்தின் பொறுப்பாளரான மேடத்திடம்.

மேடம் ஆத்தூர்ப் பக்கம். மரியாதைக்கு நாங்கள் சொல்லுக்குச் சொல் சேர்க்கிற 'ங்க' அவர் பேச்சில் குறைவு. வருகிற பெண்கள் முதலில் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் "என்ன நடந்தது" என்று கேட்கமாட்டார். "வீட்ல என்ன சொல்லிட்டு வந்தே?" என்பதுதான் முதல் கேள்வி. ரேஷன் கடைக்கு என்று சொல்லியிருந்தால் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார். அவர் மேஜையின் கீழ் இழுப்பறையில் லைனிங் துணி, தலைவலி மாத்திரை அட்டை, நூல்கண்டு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் இருக்கும். திருநீறுதான் சீக்கிரம் தீரும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் யாரிடமும் கேட்காமல் தனியாகப் போய்வர முடிந்த இடம் கோயில் ஒன்றுதான்.

அவர் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். எழுதியதை அந்தப் பெண்ணுக்கே படித்துக் காட்டுவார். அவள் "ஆமாங்க" என்றால்தான் பேனா. ஒரு சொல்லைக்கூடப் பெரிதாக்கக் கூடாது, ஒரு சொல் குறையவும் கூடாது. நான் ஒருமுறை 'கொடூரமாகத் தாக்கினார்' என்று எழுதியிருந்தேன். "இது அவ சொன்னதா, நீ சொன்னதா?" என்று கேட்டார். நான் சொன்னது என்றேன். "அப்போ நீதான் கோர்ட்ல நிக்கணும்" என்று ரப்பரை என் பக்கம் தள்ளினார்.

சாந்தாமணி (பெயர் மாற்றியது) வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சேந்தமங்கலத்துக்குப் பக்கம் ஊர். கணவருக்குக் கோழிப்பண்ணை. பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று நடக்கிறது. அடி எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தீவனம் லேட்டானால் அடி, லேட்டாகாவிட்டாலும் அடி.

"கேஸெல்லாம் வேண்டாங்க. அவிங்க கை நீட்டாம இருந்தாப் போதுங்க."

மேடம் பென்சிலில் எழுதி, பேனாவில் எழுதி, திருநீற்றுப் பொட்டலத்தோடு அனுப்பிவைத்தார். கணவருக்குக் கடிதம் போனது. அவர் வரவேண்டிய நாளில் மேடம் கோர்ட்டு வேலையாகப் போயிருந்தார். மையத்தில் நான்தான்.

கணவர் தனியாக வரவில்லை. அவர்கள் கூட்டத்துக் குலதெய்வக் கோயிலின் தலைவர் கூட வந்தார். (ஒரே குலத்துப் பங்காளிகளை எங்கள் பக்கம் கூட்டம் என்பார்கள்.) லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். "ஏனுங்க அம்மிணி, கோர்ட்டுக்குப் போனா ஊடு ரெண்டாயிருமுங்க. இவனெ எங்க சாமி முன்னால நிறுத்தறேன். கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நீங்களும் வந்து பாருங்க. அதுக்கு மேல ஒரு கையெழுத்து வேணுமுங்களா?"

நான் சாமி கும்பிடுகிறவள். எங்கள் வீட்டில் ஒரு பொய்ச் சத்தியம் நடந்ததாக நான் கேட்டதே இல்லை. பத்திரத்தில் போடுகிற கையெழுத்தைவிட இது பெரிது என்று மனதார நம்பினேன். சாந்தாமணியிடம் கேட்டேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "சாமி முன்னாலயா? அப்படீன்னா போறேனுங்க."

அமாவாசை. பொங்கல் வாசனை, கூட்டம், மைக்கில் நன்கொடைப் பெயர்கள். பலிபீடத்தின் மேல் வெற்றிலை வைத்து, அதன் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினார் பூசாரி. சாந்தாமணியின் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அப்போது அவருடைய அம்மா பேரனைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "பையன் மேல வெச்சுச் சொல்லுடா. அப்பத்தான் நிக்கும்."

அவர் இடது கையைப் பையன் தலையில் வைத்து, வலது கையால் கற்பூரத்தை அறைந்து அணைத்தார். "எம்பையன் மேல சத்தியமா இனி கை நீட்ட மாட்டேன்."

அந்த நொடியில் சாந்தாமணியின் கை பையனின் தோளுக்குப் போனது. இழுப்பது போல. உடனே எடுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். நெகிழ்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது.

கிளம்பும்போது பூசாரி, "எதுக்கும் உங்க நெம்பரை எழுதி வெச்சுட்டுப் போங்க அம்மிணி" என்றார். அன்னதானச் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்தேன். மையத்துக்கு வந்து கோப்பில் 'சமரசம்' என்று எழுதினேன். பேனாவில்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை போன் செய்தேன். பிறகு மாதம் ஒரு தடவை. எப்போதும் ஒரே பதில்தான். "ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா வெச்சிருக்காங்க." கோப்பைப் புரட்டிய மேடம் ஓரத்தில் பென்சிலில் 'குரல் மட்டும். ஆளைப் பார்க்கவில்லை' என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. கோயிலில் சாட்சியாக நின்றவள் நான், என்னிடம் அவள் ஏன் மறைக்கப் போகிறாள்?

பத்துப் பதினோரு மாதம் கழித்து ஓர் அமாவாசை காலையில் போன். அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். 

"அம்மிணி, கோயில் பூசாரி பேசறனுங்க. அன்னிக்கு வந்தீங்கல்ல, அந்தப் புள்ளை தீர்த்தக் கொடத்தை எடக்கையில தூக்குதுங்க. மணியை எட்டி அடிக்க மாட்டீங்குது. போன மாசமும் இப்படித்தான். நான் ஆம்பளை, கேக்கக் கூடாதுங்க. நீங்க கேளுங்க. இப்ப சமையக்கட்டுலதான் இருக்குது."

மேடமும் நானும் வாடகைக் காரில் அரை மணி நேரத்தில் போய்விட்டோம். சமையலறையில் ஏழெட்டுப் பெண்கள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். சாந்தாமணி இடது கையால் அரிவாள்மனையோடு போராடிக்கொண்டிருந்தாள். 

"இவ அரியற வேகத்துக்கு அடுத்த அமாவாசைக்குத்தான் சாம்பாரு" என்றார் ஒருவர். 

"சீமையில இருந்து வந்த மகாராணி, எடக்கையிலதான் எல்லாம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அரிசி மூட்டைகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போனோம். மேடம், "வலது கையைத் தூக்கிக் காட்டுறியாம்மா?" என்றார். தூக்கவில்லை. 

"குளிக்கறப்ப வழுக்கி விழுந்துட்டனுங்க."

நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "சாந்தாமணி, அவர் சத்தியத்தை மீறி..."

அவள் இடது கையால் என் வாயைப் பொத்தினாள். பூசணிக்காய் ஈரம் என் உதட்டில் பட்டது. "சொல்லாதீங்க. வாயில எடுக்காதீங்க. நான் சொல்லாத வரைக்கும் சத்தியம் கெட்டதா ஆவாதுங்க. சொல்லிட்டா எம்பையனுக்குத்தானுங்க வரும். போன மாசம் பத்து நாளு காய்ச்சல் அவனுக்கு. ஒரு ராத்திரி எங்கக்காகிட்ட பாதி சொல்லிப்புட்டேன், அதுக்கே."

பத்து மாதமாக அவள் போனில் சொன்ன ஒவ்வொரு "ஒரு கொறையும் இல்லீங்க"வும் பையனைக் காப்பாற்றச் சொன்னது. அவளைக் காப்பாற்ற நாங்கள் வாங்கிய சத்தியம் அவள் வாயைத்தான் கட்டியிருந்தது. அடித்தவனை அது ஒன்றும் செய்யவில்லை.

மேடம் என்னை வெளியே கூட்டிவந்தார். திட்டுவார் என்று நின்றேன். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஷார்ப்னரால் கூராக்கினார். கூராகத்தான் இருந்தது, மறுபடியும் கூராக்கினார். "சத்தியம் வாங்கினது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். யார் தலையில வாங்கினாங்கன்னு பாக்கலியே. நீ வேற பக்கத்துல சாட்சியா நின்னுட்டே. உன்கிட்ட அவ எப்படிச் சொல்லுவா?"

"இப்ப என்ன மேடம் பண்றது? சாமி அப்படியெல்லாம் பண்ணாதுன்னு எடுத்துச் சொல்லவா?"

"நீ சொன்னா கேப்பாளா? நீயே நம்பறியா அதை?"

வயிற்றில் குழந்தை இருந்தது. என் குழந்தை தலையில் ஒருவர் சத்தியம் வைத்திருந்தால் நான் வாய் திறப்பேனா? மேடம், "பூசாரியைக் கூப்பிடு" என்றார்.

பூசாரி முழுவதையும் கேட்டார். அதற்குள் தலைவரும் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அங்கே இல்லாத கணவனைத் திட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி, பூப் போட்டுக் கேப்போம். சாமி உத்தரவு குடுத்தா அந்தப் புள்ளை சொல்லட்டும், எங்க வேணாப் போகட்டும். இல்லீன்னா நம்ம கூட்டத்துக்குள்ளயே பேசிக்குவோம்."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், சாமி காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கல்யாணம், கிணறு வெட்டுவது, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். சிவப்பு வந்தால்? சாந்தாமணி அதோடு திரும்பிப் போய்விடுவாள். யாராலும் தடுக்க முடியாது.

பூசாரி தலையை ஆட்டினார். "இதுக்குப் பூக் கேக்க மாட்டேனுங்க."

"ஏன்?"

"தெரியாததைத்தானுங்க சாமிகிட்டக் கேக்கறது. இது தெரிஞ்சதுதானுங்களே."

தலைவர் குரல் உயர்ந்தது. "கூட்டத்து மானம் போறது உனக்கு வெளயாட்டா இருக்குதா? உன்ர மொறை முடியட்டும், பாத்துக்கறேன்." பங்காளிகள் முறை வைத்துப் பூசை செய்கிற கோயில் அது. வருடம் மாறினால் சாவி அடுத்தவர் கைக்குப் போகும்.

"பாத்துக்கங்க சாமி. அது வரைக்கும் சாவி என்ர மடியிலதானுங்களே இருக்குது."

பையனைக் கூப்பிட்டு வரச்சொன்னார். பலிபீடத்துக்கு முன்னால், அவன் அப்பா கை வைத்த அதே தலையில், தீர்த்தம் ஊற்றினார். பையன் நெளிந்தான். "சில்லுங்குது" என்றான். திருநீறு வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பூசாரி சொன்னார். "சத்தியம் பண்ணுனவன் எவனோ அவன் தலையில இருக்கட்டும். இந்தத் தலையில இருந்து எறக்கியாச்சு. பச்சப்புள்ளையை எவனும் இனி சத்தியத்துக்கு நிறுத்தாதீங்க. நிறுத்துனா நான் கற்பூரம் தரமாட்டேன்." பிறகு சாந்தாமணியைப் பார்த்தார். "போய்ச் சொல்லு கண்ணு. எல்லாத்தையும் சொல்லு."

அவர் செய்தது சாத்திரப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு முறை உண்டா, அவரே அந்த இடத்தில் உண்டாக்கினாரா என்றும் கேட்கவில்லை. சாந்தாமணி பையனின் ஈரத் தலையைக் கையால் துடைத்தாள். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். மேடம் பென்சிலில் எழுதினார், படித்துக் காட்டினார். "ஆமாங்க" என்றாள். பேனா.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தெலும்பு உடைந்து, வைத்தியம் இல்லாமல் கோணலாகக் கூடியிருந்தது. அவள் பண்ணை வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிற அக்கா வந்து பிள்ளைகளோடு கூட்டிப்போனாள். மேடத்தின் அறிக்கையை வைத்து, அவள் குடியிருக்கும் வீட்டுக்குக் கணவர் வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவிட்டது. அக்கா வீட்டில் எல்லோரும் பயந்து அவளுடைய நம்பரை மாற்றினார்கள். புது நம்பர் எங்களுக்கும் தெரியாது.

அதற்குள் எனக்குக் குழந்தை பிறந்தது. வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. மகளை யாரிடமும் விட்டுப்போகப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஆனால் காலையில் பஸ் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் கை தானாகச் சாப்பாட்டுப் பையைத் தேடுகிறது. மேடத்தின் இழுப்பறையைத் திறந்தால் வருகிற நூல்கண்டு வாசனைக்கு, "ஆமாங்க" என்று ஒரு பெண் தலையாட்டியதும் பேனாவைத் திறக்கிற அந்த நொடிக்கு ஏங்குகிறேன். எல்லாவற்றையும்விட அவளுக்கு. கை சரியானதா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா? மகளைத் தூங்கவைக்கும்போது பக்கத்தில் யாரோ கேட்பது போல இருக்கும், நீ சாட்சியாக நிற்காமல் இருந்திருந்தால் அவள் அந்தப் பத்து மாதத்தைக் கடந்திருக்க வேண்டாமே என்று.

அந்தப் புதுப் பெண்ணுக்குச் சாயங்காலம் நான் சொன்ன பாதிப் பதில் இதுதான். கோயிலில் பேசட்டும், கோப்பை மூடாதே. சத்தியம் செய்யட்டும், பிள்ளை பெயரிலோ அவள் பெயரிலோ வேண்டாம். நீ சாட்சியாக நிற்காதே. மாதம் ஒருமுறை நேரில் பார், போனில் வேண்டாம். கோயிலில் யாராவது ஒருவரிடம் உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வா.

"சரிக்கா" என்றவள் போனை வைக்கவில்லை. "அக்கா, இன்னொண்ணு. சாந்தாமணின்னு ஒருத்தங்க நேத்து வந்தாங்க. உங்களைத்தான் கேட்டாங்க. நெம்பர் குடுத்திருக்கேன்."

அன்றைக்கே சாந்தாமணி பேசினாள். பின்னால் தறிச் சத்தம். கை பரவாயில்லை, தறி ஓட்டுகிறாள். பையன் மூன்றாவது போகிறான். நான் அழுதேன், அவள் என்னைத் தேற்றினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெண்ணுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மூன்று வயதில் நடந்திருக்க வேண்டியது, ஐந்தாகிவிட்டது. அது அப்பா வழிக் குலதெய்வத்துக்குத்தான் முதலில் செய்ய வேண்டும்.

"பொதுக் கோயில் ஏதாச்சும் ஒண்ணுல பண்ணிக்கலாமே?"

"எங்கக்காவும் அதேதாஞ் சொல்றா. பொறந்த ஊட்டுக் கோயில்ல கேட்டா, உன்னையக் கட்டிக் குடுத்தாச்சு, இங்க எப்படீங்கறாங்க. எனக்கு அவிங்க வேண்டாங்க. அந்தக் கோயிலு வேணுங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் இங்க தறிக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, இப்பப் பொங்கல் வெச்சிருப்பாங்க, இப்பத் தீர்த்தம் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சுக்கறேன். நானென்ன தப்புப் பண்ணுனேன், சாமி அவிங்களுக்கு மட்டும்ங்கறதுக்கு?"

தலைவரிடம் நானே பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் புள்ளைய நாங்க தள்ளி வெக்கலீங்க அம்மிணி. தாராளமா வரட்டும். ஆனா அவன் எங்க கூட்டத்துக்காரன். மக காதுகுத்துக்கு அப்பனை வராதேன்னு எப்படீங்க நான் சொல்றது?" சாவி இப்போது வேறொரு பங்காளியிடம் இருக்கிறது. பழைய பூசாரி "நாலு பேரைக் கேட்டுப் பாக்கறனுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கோர்ட்டு உத்தரவு அவள் வீட்டு வாசலுக்குத்தான். கோயில் வாசல் அதில் எழுதப்படவில்லை. மேடம், அதையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார். போட்டால் கூட்டத்தில் எல்லோரும் அவளுக்கு எதிராகத் திரும்புவார்கள் என்று சாந்தாமணி பயப்படுகிறாள்.

போகாதே என்று சொன்னால், சாமியை அவன் பக்கம் விட்டுக்கொடுத்தவள் ஆவேன். போ என்று சொல்லி ஏதாவது நடந்துவிட்டால்? ஏற்கனவே ஒருமுறை என் பேச்சை நம்பி அந்தக் கோயிலுக்குப் போனவள் அவள்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். குலதெய்வக் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கோயிலில் இப்படிப் பிரிந்து வாழும் ஒரு பெண்ணுக்குத் தனியாக ஒரு நாளோ ஒரு வேளையோ ஒதுக்கியதுண்டா? அன்றைக்கு மட்டும் வரவேண்டாம் என்று அடித்தவனிடம் சொன்னது யார், என்ன சொல்லிச் சொன்னார்கள்? கூட்டம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது? அப்படிப் போய் வந்த பெண்கள் யாராவது இருந்தால், கூட யாரை அழைத்துப் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். சாந்தாமணியைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதியிருக்கிறேன். "படிக்கறவங்க ஆராச்சும் வழி சொல்லுவாங்களானு கேளுங்க" என்றாள். காதுகுத்து தை மாதம் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.